பேண்ட்டை மடக்கச் சொன்ன டாக்டரம்மா

2004-ம் வருடம். கணவருக்கு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை என்பதால், கோவையிலிருந்து வந்து புனே ஔந்தில் குடியிருந்தோம். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. நடக்க ஆரம்பித்ததிலிருந்தே அவளுடைய கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தன.

பழி யார் மேல்? வேறு யார், பெற்றவள் மேல்தான். பக்கத்துக் கிளினிக் டாக்டர் குழந்தையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மேடம், பச்சீ கோ தூப் மே நஹி லே ஜாதே க்யா?" என்றார். வெயில் காட்டாமல் வளர்க்கிறேனாம், அதனால் வைட்டமின் டி குறைவாம். ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. ஊசி போட்டு, வைட்டமின் பொடிப் பாக்கெட்டுகளாக எழுதித் தந்தார். ஞாயிறுதோறும் ஊரிலிருந்து போன் செய்யும் மாமியாரோ, "பச்சப்புள்ளைக்கு ராகிக் கஞ்சி காச்சி ஊத்தக்கூட உனக்கு நேரமில்லையாக்கும்?" என்பார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நானும் அதை நம்பினேன். தினமும் காலையில் மொட்டைமாடி வெயிலில் குழந்தையை நிறுத்தினேன். கஞ்சியை வேண்டாம் என்று அழ அழ மூக்கைப் பிடித்துப் புகட்டினேன். ஒரு வருடம் இப்படி! கால் இன்னும்தான் வளைந்தது.

காலில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னதும் பயந்துபோய், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டரம்மா முதல் வேலையாக ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து முடிவு கேட்கக் கணவரோடு போனேன். வைட்டமின் டி சரியாக இருந்தது, கால்சியமும் சரி. பாஸ்பேட் மட்டும் ரத்தத்தில் மிகக் குறைவு, சிறுநீரில் தாராளம்.

எலும்பு உறுதியாக பாஸ்பேட் வேண்டுமாம். அது உடம்பில் மிஞ்சினால் வெளியேற்றச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போட ஒரு ஹார்மோன் இருக்கிறதாம். என் மகளுக்கு அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்ததால், எலும்புக்கு வேண்டியதையும் சிறுநீரகம் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் எத்தனை கஞ்சி ஊற்றி என்ன பயன்?

அந்த நேரம் பார்த்து, கார் நிறுத்தப் போயிருந்த என் கணவர் உள்ளே நடந்து வந்தார். டாக்டரம்மா அவர் நடையையே பார்த்தார். "ஸர், ஜரா பேண்ட் வர் கரா" என்றார். இவர் சிரித்துக்கொண்டே முழங்கால் வரை மடக்கினார். அதே வளைவு! தன் அம்மா வழித் தாத்தாவின் நடை என்று பெருமையாக வேறு சொன்னார். இது பரம்பரைக் கோளாறு, அப்பாவுக்கு இருந்தால் பிறக்கும் பெண் குழந்தைகள் எல்லோருக்கும் வரும் என்றார் டாக்டரம்மா. இவருக்கு அது தன் அம்மாவிடமிருந்து, அதாவது என் மாமியாரிடமிருந்து வந்திருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டை வாங்கி வைத்துவிட்டு, "அந்த வாசப்படி வரைக்கும் நடந்துட்டு வா கண்ணு" என்று சொன்னவர் இதே மாமியார்தான். கால் ஊனமா என்று பார்க்கிறார்களாம். நானும் நடந்தேன். மாப்பிள்ளையாக வந்த இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த ஞாயிறு மாமியாரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் சின்னதுலிருந்தே முட்டி வலிதான்... ஒருத்தரும் என்னன்னு கேக்கல" என்றார். மனசு இளகப் பார்த்தது. அதற்குள், "என்னவோ போ, கஞ்சிய மட்டும் நிறுத்திராதே" என்றார்!

கஞ்சியை அன்றே நிறுத்தினேன். மாத்திரையோடு தினம் ஐந்து வேளை பாஸ்பேட் மருந்து. அதை ஊற்றித் தரும் பொறுப்பை முடிந்த வேளையெல்லாம் கணவர் தலையில் கட்டினேன். மகளின் கால்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன. முழுசாக இல்லை, ஆனால் ஆபரேஷன் தேவைப்படவில்லை.

மாமியாரையும் அந்தப் பக்கத்துக் கிளினிக் டாக்டரையும் ஒருவழியாக மன்னித்துவிட்டேன். யாரோ சொன்ன பழியை உண்மையென்று நம்பி, அழுத குழந்தையின் மூக்கைப் பிடித்த என் கையை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.