ஓலைக்கு வந்த பின்னூட்டங்கள்

எழுதியதற்குக் கீழே கருத்துச் சொல்லச் சொல்லி விட்டிருக்கும் காலிப் பெட்டியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். பேர் சொல்ல வேண்டாம், செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், துப்பிவிட்டுப் போகலாம். அதைத் துடைத்தால் துடைத்தவன்தான் குற்றவாளி. அந்த நாளில் இதற்குக் கருத்துச் சுதந்திரம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அப்போது நான் திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். மலைக்குப் போகிறவர்கள் காலையில் ரூமைக் காலி செய்துவிட்டால் மத்தியானம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது, இண்டர்நெட்டும் இருந்தது. பள்ளியில் நான் படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து எனக்கு ஞாயிறு பள்ளியிலும் பைபிளிலும் வந்ததுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வலைப்பதிவு தொடங்கி, கங்காதர நெல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரையும் சபையையும் பற்றி எழுதினேன்.

சபையில் பாதிப் பேர் அதற்குள் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். கால் சென்டருக்கு பெங்களூர், நர்ஸ் வேலைக்கு குவைத், கம்பெனி வேலைக்கு சென்னை. அவர்கள்தான் என் வாசகர்கள். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கீழே பின்னூட்டம் போடுவார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இது என் வீடு, வருகிறவர்கள் என் விருந்தாளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். ஹாஸ்டலில் தங்கி ஷிப்டுக்குப் போவாள். லீவு கிடைத்தால் திருப்பதிக்கு பஸ்ஸில் வருவாள். நான் பைக்கில் கூட்டிவந்து லாட்ஜில் உட்காரவைத்து, டூட்டி முடிந்ததும் ஊருக்கு அழைத்துப்போவேன். நைனா இல்லாத வீடு, அப்பா ஸ்தானத்திலும் நான்தான். மாப்பிள்ளை எங்கள் பக்கத்துப் பையன்தான், பெங்களூரில் வேலை.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையில் அறிவிப்பார். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. முதல் ஓலை வாசித்த அன்று பெஞ்சுகள் பாதி காலி. தடை சொல்வதென்றால் இனிமேல் குவைத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்று போதகர் வெளியே வந்து சிரித்தார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வெளியூரில் இருக்கிறவர்களும் கேட்கட்டுமே என்று மறுநாள் ஓலையை, தடை தெரிந்தால் சொல்லலாம் என்ற வரியோடு, அப்படியே பதிவில் ஏற்றினேன். தங்கச்சியையும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். கோயிலில் வாசித்ததுதானே, போடு என்றாள்.

முதலில் வாழ்த்துகள் வந்தன. பிறகு ஒரு அனானி வந்தான். பேர் போடாமல் எழுதுகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். பெண் ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிப்ட் போகிறவளாமே, தெரிந்தவர்கள் யாராவது அவள் எப்படி என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தான். மரியாதையாகத்தான் கேட்டிருந்தான்.

அவ்வளவுதான், ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று தொடங்காத ஆள் கிடையாது. அலிபிரியில் அவளை ஒருவனுடைய பைக்கில் பார்த்ததாக ஒருவன் எழுதினான். அந்த ஒருவன் நான்தான், அவளுடைய அண்ணன் என்று பதில் போட்டேன். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள் என்று இன்னொருவன் எழுதினான். ஹாஸ்டல் பெண்கள் என்றாலே இப்படித்தான் என்று ஒரு கூட்டம். அதைக் கண்டித்து இன்னொரு கூட்டம். தாராளமயமும் பெண் உழைப்பும் என்று ஒரு படித்த மனிதர் கட்டுரையே எழுதினார். அதில் என் தங்கச்சி ஓர் உதாரணம். திட்டினவர்களைவிட ஆதரித்தவர்கள்மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது. அவளைக் கண்ணால் பார்க்காமலே அவளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள்.

பதிவை அழித்தேன். அதற்கும் திட்டு விழுந்தது, கோழை என்றார்கள். சென்னைக்காரர் ஒருவர் அதற்குள் பதிவையும் பின்னூட்டங்களையும் அள்ளிக்கொண்டுபோய்த் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். பொதுவில் வைத்தபின் அது உங்களுடையது அல்ல நண்பரே என்று பதில் வந்தது. சரி, என் தங்கச்சி யாருடையவள் என்று கேட்டேன். என் கேள்வியையும் அங்கே ஒரு பின்னூட்டமாகச் சேர்த்துக்கொண்டார்.

அம்மாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் குவைத்திலிருந்து போன் வந்துவிட்டது. இரண்டாவது ஓலை வாசிக்கும்போது தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் என்ன என்று சபை மூப்பர் ஒருவர் என் காதைக் கடித்தார். அம்மா அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்து சோறே துன்னவில்லை. தங்கச்சி பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தான். கல்யாணப் புடவை எடுக்கத் திருப்பதிக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். விஷயத்தை அவனிடம் எப்படிப் பேசுவது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, எலும்பைக் கடித்துக்கொண்டே அவனே ஆரம்பித்தான்.

"அந்த மொத கேள்வி நான் போட்டதுதான், மச்சான்."

அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனான். பெண் எடுக்கிறதென்றால் டீக்கடையிலும் தெருவிலும் நாலு பேரை விசாரிப்பது வழக்கம்தானே, இப்போது ஊரில் யார் இருக்கிறார்கள், எல்லாரும் உன் பதிவில்தான் இருக்கிறார்கள், அதனால் அங்கே கேட்டேன் என்றான். நாங்களும் அவனைப் பற்றி விசாரித்தவர்கள்தான். ஆனால் விசாரிக்கப் போனவர் திரும்பி வந்து எங்கள் காதில் மட்டும்தான் சொன்னார். உலகம் பூராவும் தண்டோரா போடவில்லை.

"கடேசில பாரு மச்சான், நெறய பேரு நல்ல பொண்ணுன்னுதான் சொல்லிக்கினு கீறாங்க," என்றான். அவள் பாஸாகிவிட்டாள் என்ற சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. தான் செய்ததில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை.

ரசம் ஊற்ற வந்த தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்கறத எங்கிட்ட கேட்டுருக்கலாமே."

"உங்கிட்ட கேட்டா நீ இன்னா சொல்லுவ?" என்று சிரித்துவிட்டு அவன் ரசத்துக்குக் குழி பறித்தான்.

புடவை எடுக்க அவள் வரவில்லை. தலைவலி என்றாள். அவன் போனபிறகு, நான் என்ன சந்தையில் வைத்த தக்காளியா, வருகிறவன் போகிறவனெல்லாம் அமுக்கிப் பார்க்க என்று அம்மாவிடம் கேட்டாள். ஆம்பிளை புத்தி அப்படித்தான், கண்டுக்காதே, பத்திரிகை அடித்தாயிற்று, கல்யாணம் நின்றால் இவர்கள் எழுதினதெல்லாம் நிஜமென்று ஆகிவிடும் என்று அம்மா அழுதாள். அம்மா சொன்னதும் பொய்யில்லை. இவள் எதற்கு முகம் தெரியாத நாய்களுக்காகக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று என் மனம் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மூன்றாவது ஓலை. கோயில் அன்றைக்கு நிறைந்திருந்தது. பெங்களூர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். போதகர் வழக்கம்போலத் தலை நிமிராமல் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்ற வரியை முடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போகப்போனார். பெண்கள் பக்கத்தில் என் தங்கச்சி எழுந்து நின்றாள்.

"தடை கீது, ஐயா."

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். என்னம்மா, கல்யாணப் பெண்ணே நீதானே என்று தடுமாறினார். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியும், ஐயா. அவளுக்கு இஷ்டமில்ல."

போதகர் தாளை மடித்து வைத்துவிட்டு, பாட்டு நம்பரைச் சொன்னார். பாட யாரும் எழவில்லை. அம்மாதான் முதலில் எழுந்தாள். மகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, தனியாகப் பாட ஆரம்பித்தாள்.