கம்பிக் கூட்டுக்குள் வளர்ந்த புல்

மாட்டுச் சாணத்தையும் மான் புழுக்கையையும் பொறுக்கி, பையில் போட்டு, எங்கே எடுத்தது என்று எழுதி வைப்பதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது முதலில் வாயைப் பிளந்தவள் நான்தான்.

திருகோணமலைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் சாம்பல்தீவுக்குப் பின்னால் பற்றைக்காடும் புல்வெளியுமாக ஒரு நிலம் கிடக்கிறது. எங்கள் ஊர் மாடுகளும் அங்கேதான் மேயும், புள்ளிமான்களும் அங்கேதான் மேயும். மானின் புல்லை மாடு தின்று தீர்க்கிறதா என்று சாணத்தையும் புழுக்கையையும் வைத்து ஆராய, கிண்ணியாவைச் சேர்ந்த ரிஹானா மிஸ் கம்பஸிலிருந்து வந்தார். உதவிக்கு ஊரில் ஒரு ஆள் தேவை என்றார். நான் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஓம், தின்று தீர்க்கிறது என்று முடிவு வந்தால் காட்டுக் கந்தோர், அதாவது வனத்துறை அலுவலகம், அந்தக் காட்டை மாடுகளுக்கு மூடிவிடுமாம்.

என்னிடமும் ஒரு மாடு இருக்கிறது. பெயர் ராணி. வாடைக்காற்று நாட்களில் கடல் கொந்தளித்து, என் மனுசனின் வள்ளம் சல்லி ஊர்க் கரையில் சும்மா கிடக்கும்போது, எங்கள் வீட்டில் உலை கொதிப்பது ராணியின் பாலால்தான். அந்த நாட்களில் வயலெல்லாம் விதைத்திருக்கும். மாட்டுக்குக் காட்டை விட்டால் போக்கிடம் இல்லை. ஆக, என் மாட்டுக்கு எதிராகச் சாட்சி தேட நானே சம்பளம் வாங்கினேன். சின்னப் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு, மனுசனின் கேலியையும் தாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிற அக்கா தங்கச்சிமாருக்கு என் பாடு விளங்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசியுங்கள்.

கம்பி கட்டிய அன்று

மழை தொடங்குவதற்கு முதல், ஒவ்வொன்றும் ஒரு அறையளவு வரும்படி தடி நட்டு, கம்பிவலை அடித்து இரண்டு கூடு கட்டினோம். உள்ளே எந்த மிருகத்தின் வாயும் படாமல் புல் வளரும். வெளியே மாடும் மானும் வழமைபோல மேயும். தை மாதத்தில் இரண்டு பக்கத்துப் புல்லையும் அறுத்து நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு தின்னப்பட்டது என்று தெரியும். இவ்வளவுதான் கணக்கு.

கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே பற்றைக்குள்ளால் சனம் வந்து நின்றது. முன்னுக்கு, ஊரிலேயே பெரிய மாட்டுப்பட்டி வைத்திருக்கிற செல்லத்துரை அண்ணை. போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. நான் கோபத்துக்கு ஆயத்தமாக இருந்தேன். ஆனால் கிட்டப் பார்த்தால் எல்லாருடைய முகத்திலும் பயம். அதுதான் என்னை உலுக்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு நிலத்தில் கம்பி ஏறினால், அடுத்த மாரிக்கு அது யாருடையது என்று சொல்ல ஏலாது. "புல்லை நிறுக்கத்தான் அண்ணை" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் வலையை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார்.

"முதல் ஒரு அறையளவு, பிறகு ஒரு வீட்டு வளவளவு, பிறகு நாங்கள் வெளியில. நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது. நாங்கள் உதெல்லாம் பார்த்து வந்த சனம்."

மாமியின் பிளம்ஸ்

ஈரப் புழுக்கை இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைப்பேன். மான் புழுக்கை காய்ந்தால் கறுத்து, சுருங்கி, பார்வைக்கு நல்ல லட்சணமாக இருக்கும். நத்தார்ப் பண்டிகை, அதுதான் கிறிஸ்மஸ், நெருங்கிய ஒரு நாள், நான் காட்டில் நிற்க, வீட்டில் மழை தூறியிருக்கிறது. திரும்பி வந்தால் முற்றத்தில் சுளகைக் காணவில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். மேசையில் ரவை, முட்டை, மாஜரின், எல்லாம் கேக்குக்கு ஆயத்தம். பிளம்ஸ் என்கிற திராட்சை வற்றலை வெட்டிப் போடுவதுதான் பாக்கி. பக்கத்தில் கண்ணாடிப் போத்தல் நிறைய என் புழுக்கை. மாமி ஒரு கையில் கத்தியும் மறுகையில் ஒரு புழுக்கையுமாக அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்திருந்தார். என் மகள், தனக்கும் ஒன்று கிடைக்கும் என்று, வாயைத் திறந்தபடி கதிரையில் ஏறி நின்றாள். "மாமி, கீழ வையுங்கோ!" என்று நான் கத்தின கத்தலில் மகள் அழத் தொடங்கிவிட்டாள். மாமி மட்டும் அசையவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"ஏன் பிள்ளை பதறுறாய்? கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திப்போட்டான். இது போன வருசத்துப் பிளம்ஸ்."

பட்டணத்து மான்

ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டணத்து மானின் புழுக்கையும் வேணும் என்றார் மிஸ். திருகோணமலை டவுனுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மான் தெருவில் நிற்கும், கடைவாசலில் நிற்கும், பஸ்ஸுக்கு வழிவிடாமலும் நிற்கும். காட்டில் என் செருப்புச் சத்தத்துக்கே பறந்துவிடுகிற சாதி, இங்கே ஒரு தேத்தண்ணிக்கடை வாசலில் வந்து என் முழங்கையை முகர்ந்து பார்த்தது. எடுத்த புழுக்கையை உடைத்தேன். உள்ளே சோற்றுப் பார்சல் சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற், கிழிந்து நூல் நூலாக.

அன்றைக்கே கடற்கரையில் ஒரு பெண்மான் செத்துக் கிடந்தது. மிருக வைத்தியர் வயிற்றைக் கீறி வெளியே எடுத்ததைப் பார்த்து நான் மணலில் குந்திவிட்டேன். ஒரு தலையணைக்குள் அடைக்கலாம், அவ்வளவு பொலித்தீன், கயிறுபோல முறுகிக் கிடந்தது. "காட்டில புல் போதாட்டி நம்மட மானும் ஒருநாள் இங்கதான் இறங்கும் அக்கா" என்றார் மிஸ். அதுவரை ராணிக்காக மட்டும் பயந்துகொண்டிருந்த எனக்கு, அன்று தொடக்கம் மானுக்காகவும் பயம். நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற தேத்தண்ணிக்கடை முஸ்லிம் அண்ணன் நாள் தவறாமல் மிச்சச் சோற்றைச் சீற்றோடேயே மான்களுக்கு விரித்து வைக்கிறவர். அவரும் வந்து பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான் இவ்வளவு காலமும் இதை நன்மையெண்டெல்லோ நினைச்சுச் செய்துகொண்டு வந்தனான்."

அண்ணையின் உதவி

தையில் கூட்டுக்குள் புல் இடுப்பளவு நின்றது. மறுநாள் மிஸ் தராசோடு வருவதாக இருந்தது. ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று விடியப் போனேன். முதலாம் கூடு நேர்த்திக்கடனுக்கு மொட்டை அடித்த தலைபோல இருந்தது! கதவுக் கம்பி அவிழ்ந்து தொங்கியது. வழி நெடுகப் புல் சிந்திக் கிடந்தது. அந்தப் புல்லைப் பின்தொடர்ந்து ஓடினேன். அது நேராக என் வீட்டு வளவுக்குள் போயிற்று.

புதுக் கன்றோடு நின்ற ராணி, தன்னைவிட உயரமான புல் குவியலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு மென்றது. ஒரு மாரி முழுவதும் காவல் காத்த சாட்சியம், என் மாட்டின் வாயில்! இதை வேறு யாரோ செய்தார்கள் என்றால் மிஸ் நம்புவாரா? காட்டுக் கந்தோர்க்காரர் நம்புவார்களா? பக்கத்தில் செல்லத்துரை அண்ணை வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கம்பி கட்டிய அன்று என்மேல் சீறியது அவருக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். மாடு கன்று போடும் என்றுதான் நான் புல்லைப் பூட்டி வளர்க்கிறேன் என்று பிறகு விளங்கியதாம். பிள்ளைக்காரி, எங்கே நேரம் கிடைக்கப்போகிறது என்று தானே அறுத்துச் சுமந்தாராம்.

"அறுத்ததில ஒரு தும்புகூட நான் எடுக்கேல்ல பிள்ளை. முழுக்க உன்ர மாட்டுக்குத்தான்."

மிஸ் முழங்காலில் நின்றது

போனில் நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை போயிற்று, அதோடு காடும் போயிற்று என்று நினைத்தேன். "ஒண்டையும் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார் மிஸ். அன்று பிடித்த மழையில் பாதை வெட்டுப்பட்டு, ஒரு வாரம் தள்ளி, அடுத்த கிழமைதான் அவரால் வர முடிந்தது.

வந்து கூட்டுக்குள் பார்த்தவர் சேற்றில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். மொட்டை அடித்த இடத்தில் விரலளவு இளம்புல். அதற்குள் எங்கு பார்த்தாலும் புது மான் புழுக்கை. திறந்து கிடந்த கதவால் மான்கள் உள்ளே வந்திருக்கின்றன! மிஸ் உடனே மற்றக் கூட்டின் கதவையும் திறந்துவிட்டார். அங்கே யாரும் தொடாத புல் இடுப்புக்கு மேல் நின்றது. கிழமைக் கணக்காகப் பார்த்தோம், ஒரு மான்கூட அதற்குள் கால் வைக்கவில்லை. ஒரு கூட்டை வைத்து எதுவும் சொல்ல ஏலாது என்று, வேறு வேறு இடங்களிலும் அறுத்துவிட்டுப் பார்த்தோம். அங்கேயும் இதே கதைதான். யாரும் வாய் வைக்காத புல் என்றால் மான் ஓடி வந்து தின்னும் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன். மிஸ் சேற்றுக் கையாலேயே என் கையைப் பிடித்தார்.

"முத்தின புல்லை மான் பாக்கவும் மாட்டுது அக்கா. உங்கட ராணி முன்னுக்கு மேஞ்சுட்டுப் போனா, இளம்புல் தேடி இவங்க பின்னுக்கு வாறாங்க."

கந்தோர்க் கூட்டம்

அறுவடை முடிய, காட்டுக் கந்தோர்ப் பெரியவர் ஊருக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டார். மிஸ் நல்லதை மட்டும் சொல்லவில்லை. குளத்தடியில் பட்டிகள் நாள் முழுக்க நின்று மிதித்த இடத்தில் ஒரு புல்லும் இல்லை என்பதையும் படத்தோடு காட்டினார். அது செல்லத்துரை அண்ணையின் பட்டி நிற்கிற இடம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, ஒருவழியாகச் சொன்னார். காட்டை மூடப்போவதில்லை. வயல் விதைத்திருக்கும்போது மாடு காட்டில் மேயலாம், ஆனால் குளத்தடியில் பட்டி தங்கக் கூடாது. வயல் அறுத்த பிறகு மாடு வயலுக்கு, காடு மானுக்கு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குளத்தடி போனதில் அண்ணைக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. ஆனால் "அந்தப் புல்லை அறுத்துப் பார்க்கிற யோசனை யாருடையது?" என்று பெரியவர் கேட்டதும், சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"நான்தான் ஐயா. கம்பி கட்ட முதலே என்னை ஒரு சொல் கேட்டிருந்தா, ரெண்டு கூட்டையும் அறுத்து இந்தப் பிள்ளையின்ர மாட்டுக்குப் போட்டிருப்பன்."

அறுத்த வயலில் மாட்டுக்குத் தாள் தீர்ந்து, காடு மானுக்கென்று இருக்க, மழையும் வராத இடைநாட்களில், ராணிக்கு அறுத்த புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், சாணம் பொறுக்கச் சம்பளம் தருகிற உலகம் அந்தச் சாணத்துக்கான புல்லை அறுக்க மட்டும் ஒரு சதமும் தருவதாக இல்லை.