குழாய்க்குள் புகுந்த காற்று

1983 நவம்பர் 12, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. விட்டுவிட்டுத் தூறல். பினாங்கு ஜார்ஜ்டவுனில் என் தங்கை வீட்டு முன்கூரையின் கீழ் அந்தப் பழைய மோரிஸ் கார், முன்சக்கரங்கள் மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைக்கப்பட்டு நின்றது. பள்ளி ஆசிரியையான தங்கை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தாள். காருக்கு அடியிலிருந்து அவள் கணவரின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் யார் துணையுமின்றி நடந்த கடைசி ஆண்டு அது என்று எங்களுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. காரின் எஞ்சினையும் கியர்பாக்சையும் எடுத்துவிட்டு ஒரு ஜப்பான் காருடையதைத் தாமே பொருத்தியவர். கம்பியால் இயங்கிய கிளட்ச்சை எண்ணெயால் இயங்குமாறு மாற்றினார். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய்வழி பாய்ந்து மறுமுனையில் கிளட்ச்சைத் தள்ளும். குழாய்க்குள் காற்றிருந்தால் தள்ளாது, கியர் கரகரக்கும்.

செப்டம்பரில் எண்ணெய் கசிந்ததால் ரப்பர் 'சீல்' ஒன்றை மாற்றினார். அப்போது புகுந்த காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் பெடலை அடிவரை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மூடுமுன் பெடல் எழும்பினால், போன காற்று மறுபடி உள்ளே வந்துவிடும். கல்யாணமானதிலிருந்து மிதிப்பவள் என் தங்கைதான். அந்த வேலையை எனக்கு விட்டுத்தர மாட்டாள்.

ஒன்பது சனிக்கிழமைகள் காற்று போகவில்லை. வாராவாரம் ஏதாவதொரு புதிய பாகம் வந்தது. மாப்பிள்ளை அடுத்தவர் வேலையை நம்புவார். தம் கைவேலையை நம்பமாட்டார்.

"அமுக்கு. பிடிச்சிருக்கியா டீச்சர்?"

"பிடிச்சிருக்கேன்லா. உங்க மோரிஸ் கெரேத்தாவுக்குத்தான் வயசாயிடுச்சு, எனக்கில்ல."

"பேசாம வித்துடுங்க மாப்பிள்ளை," என்றேன்.

"மச்சான், சும்மா இருங்கலா."

மழை வலுத்தது. கொடியில் துணி நனைகிறதென்று தங்கை இறங்கிப் போனாள். "மச்சான், நீங்க ஏறுங்க," என்றார். மிதித்தேன், பிடித்தேன், சொன்னபோது விட்டேன். ஏழாவது மிதியில் பெடல் கல் போல் இறுகியது.

"போயிடுச்சு மச்சான்! காத்து போயிடுச்சு!"

அடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தவர், என் காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். துணி மூட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கையைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒரு தடவ அமுக்கிப் பிடி."

கதவோரம் குந்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் பெடலையே பார்த்தார். அவள் இரு கைகளாலும் முழங்காலை அழுத்தினாள். பெடல் இறங்கியது. நான் மனத்துக்குள் நான்கு எண்ணுமுன் அவள் கால் நடுங்கி, பெடல் தானாக மேலே எழும்பியது.

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்லேர்ந்து மரத்துப் போகுதுங்க. பிள்ளைங்களுக்கு வருஷக் கடைசிச் சோதனை முடியட்டும், ஸ்கூல் லீவுல பார்த்துக்கலாம்னு…"

அவர் எண்ணெய்க் கையோடு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதுகுத்தண்டில் கட்டி. மூன்று மாதங்களுக்கு முன்பே அவளை அழைத்து வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அறுவைக்குப் பின் அவள் நடக்கவில்லை. பதினான்கு மாதங்கள் படுக்கையில் கிடந்தபின் இறந்துபோனாள். அவளைத் தூக்கி இறக்கும் போதெல்லாம் மாப்பிள்ளை, "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்," என்பார். அதன் பிறகு அவர் அந்தக் காரை ஓட்டினாரே தவிர, கழற்றிப் பார்க்கவேயில்லை. கிளட்ச் மட்டும் கடைசிவரை நன்றாக இருந்தது.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. காலையில் எழுந்ததும் பெடலை மிதிப்பதுபோல் இடது காலைச் சுவரில் அழுத்தி இருபது எண்ணுகிறேன். மழை நாளில் இருமுறை. அப்போதெல்லாம் அந்த முன்கூரையும், கழற்றிய பாகங்களை அவர் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்ததும் நினைவுக்கு வரும். முதலில் கசிந்த அந்த ரப்பர் சீல் தவிர எதிலும் பழுதில்லை. அவற்றுக்குப் பதிலாக அவர் வாங்கிப் போட்டவற்றின் விலை முந்நூற்று எண்பத்தாறு வெள்ளி நாற்பது காசு.