ஊதாப் பை

சுமார்னி அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எங்கள் மலாங் நகர ஆஸ்பத்திரியில் மருந்துக் கழிவைத் தரம் பிரிக்கிறவர் அவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். துப்புரவு வேலை செய்யும் லஸ்த்ரியின் ஏழாம் மாதக் கர்ப்ப விருந்தில் அந்தக் கோபத்தைப் பார்த்தேன். மஞ்சள் சோறும் கோழியும் வாழையிலையில் மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கொரு பையில் கொடுத்தார்கள். அத்தனையும் ஆஸ்பத்திரியின் ஊதாப் பைகள்.

"புதுசுதான்க்கா. வார்டுப் பொண்ணுங்க குடுத்தாங்க. கெட்டியா இருக்கு, குழம்பு ஒழுகாது" என்றாள் லஸ்த்ரி, பெருமையாக.

ஒழுகக் கூடாது என்றுதான் அந்தப் பையே. புற்றுநோய் மருந்தின் மிச்சம் அதில்தான் போக வேண்டும். காலாவதி மாத்திரைக்குப் பழுப்பு, ரத்தம் பட்டதற்கு மஞ்சள் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அலுத்தவர் அக்கா. யார் கேட்டார்கள்? நல்ல பையைக் குப்பைக்குக் கொடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

திங்கட்கிழமை கிடங்கில் ஊதாப் பை ஒன்றுகூட இல்லை. புற்றுநோய் வார்டின் குப்பிகள் சாதாரணக் கறுப்புப் பையில் கசிந்துகொண்டிருந்தன. அதைத் தூக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு லஸ்த்ரி வந்தாள்.

"தொடாதேடி! இது மேல பட்டா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது."

"கையுறை போட்டிருக்கேனேக்கா."

"கிழிஞ்ச கையுறை. போய் உட்காரு."

அக்கா கழிவு அறையைப் பூட்டிவிட்டார். எரிக்கக் கொண்டுபோகும் வண்டி காத்திருந்து வெறுமனே திரும்பியது. துப்புரவு ஒப்பந்தக்காரர் ஹெந்த்ரோ குதித்தார்.

"குப்பை அள்ளத்தானே அவளுக்குச் சம்பளம்? உங்களுக்கென்ன வந்துச்சு?"

"மாடிப்படி கூட்டட்டும். வேற வேலை குடுங்க."

"ஆகட்டும்" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு அப்போதே பிடிக்கவில்லை.

மறுநாள் லஸ்த்ரி வரவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அவள் புருஷன்தான் வந்தான். "ரொம்ப நல்லது பண்ணீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் இடத்துக்கு வேறொரு சின்னப் பெண்ணை அனுப்பினார் ஹெந்த்ரோ. அவள் கையிலும் கறுப்புப் பைதான். அக்கா கதவை மறித்து நின்றுகொண்டு, பேரைக்கூடக் கேட்காமல், "முழுகாம இருக்கியா?" என்றார்.

"இன்னும் இல்லக்கா" என்று அவள் வெட்கப்பட்டாள். "போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு."