எட்டுப் பேர்

ஐஸ்லாந்து என்று ஒரு நாடு இருப்பதே, 2001-இல் அமெரிக்காவில் டல்லாஸை அடுத்த பிளானோவுக்கு வந்து ஷாரிக்கோடு ஒரே அபார்ட்மென்ட்டில் குடியேறிய பிறகுதான் ஹஸ்னைனுக்குத் தெரியும். ஷாரிக்கின் காரில் எந்நேரமும் அந்த நாட்டு எலக்ட்ரானிக் இசைக்குழு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். குழுவின் பெயர் இருவர் வாயிலும் நுழையவில்லை. சிடி அட்டையில் எட்டுப் பேர் நின்றதால் ‘எட்டுப் பேர்’ என்றே வைத்துவிட்டார்கள். மெஷின்களின் தடதடப்புக்கு நடுவே கரகரத்த குரலில் ஒரு பெண் பாடுவாள். முதல் வாரம் தலைவலி என்று புலம்பிய ஹஸ்னைன், சில மாதத்தில் டோல்வே நெடுஞ்சாலையில் அவளோடு சேர்ந்து அர்த்தம் தெரியாமலே முனகத் தொடங்கினான். ஆபீஸை விட்டால் போக்கிடம் இல்லாத அந்த ஊரில் அவனுக்குச் சொந்தம் என்றால் ஷாரிக் ஒருவன்தான்.

மறு வருஷக் கடைசியில் ஷாரிக் கல்யாணத்துக்கும் விசா ஸ்டாம்பிங்குக்குமாகச் சென்னைக்குக் கிளம்பினான். ஊருக்குப் போகிறவன் காரை நண்பனிடம் விட்டுப் போவதும், நண்பன் வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி பேட்டரி சாகாமல் பார்த்துக்கொள்வதும் அங்கே எல்லோருக்கும் வழக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று கார் பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

“ஒரு மாசம் மச்சான். சிடி உள்ள ஸ்டக் ஆயிடுச்சு. வந்து ரிப்பேர் பண்ணிக்கிறேன்.”

நிக்காஹ் நடந்தது, விசா நடக்கவில்லை. தூதரகத்தில், பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வருஷங்களில் இவர்களுடைய பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்தது, பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டது. ஷாரிக் சென்னையிலேயே வேலை தேடிக்கொண்டான். ஹஸ்னைன் மட்டும் ஞாயிறு தவறாமல் காரை ஸ்டார்ட் பண்ணினான். காரை விற்றுவிட்டால் ஷாரிக் வரவே மாட்டானோ என்று ஒரு பயம். படித்தவனுக்கு இதெல்லாம் தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடியும் சாவியைத் திருகுவான்.

இதற்கிடையில் எட்டுப் பேர் ஐந்து பேரானார்கள். அடுத்த ஆல்பத்தின் அட்டையில் மூன்றே ஆண்கள். அந்தப் பெண் இல்லை. பாட்டே அநேகமாகக் காணாமல் போய், ஒரே தாளத்தில் நீளும் டான்ஸ் மியூசிக் ஆகியிருந்தது. குழு முதிர்ந்துவிட்டது, இதுதான் அதன் அசல் முகம் என்று இணையத்தில் ஆளாளுக்கு மெச்சினார்கள். ஹஸ்னைனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டால் அதற்குப் பெயர் வளர்ச்சியாம்!

அதற்குள் அவனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ண மறந்தாலும் அந்தக் காருக்கு ஸலாம் சொல்ல மறக்க மாட்டார் என்று மனைவி ஆஸிபா தோழிகளிடம் கேலி பேசுவாள்.

2007-இல் அந்த மூவரும் கச்சேரிக்காக டல்லாஸுக்கு வந்தார்கள். சேர்ந்து போவதாக ஷாரிக்கோடு என்றைக்கோ பேசி வைத்தது. ஹஸ்னைன் தனியாகப் போனான். பழைய பாட்டின் தாளம் கிளம்பியதும் அவனும் முனகத் தொடங்கினான். அவள் குரல் வரவேண்டிய இடம் வந்தது. மெஷின்கள் அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போயின. சுற்றிலும் எல்லோரும் குதித்து ஆடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் நின்று அழுதான்.

வெளியே வந்து பார்க்கிங்கில் நின்றபடி ஷாரிக்குக்கு ஃபோன் போட்டான். சென்னையில் காலை நேரம், பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நம்ம பாட்டை அவள் இல்லாமலே வாசித்துவிட்டார்கள் என்றான் ஹஸ்னைன்.

“எந்தப் பாட்டு மச்சான்?”

காரில் சிக்கிக்கொண்ட சிடியில் இருக்கிறதே, அதுதான் என்றான் ஹஸ்னைன். ஷாரிக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். “அந்தக் காரை இன்னுமா வச்சிருக்க? வித்துடுடா. நான் இனிமே வரமாட்டேன்.”

அடுத்த வாரமே ஹஸ்னைன், கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த வேலுமணிக்குக் காரைக் கொடுத்துவிட்டான். சில நாள் கழித்து வேலுமணி ஃபோனில் வந்தான்.

“ஏனுங்க, ஒரு பொம்பள பாடிட்டே இருக்குதுங்க. சிடி வெளிய வரமாட்டீங்குது. ஸ்டீரியோவக் கழட்டி வீசிட்டு வேற மாட்டிக்கட்டுங்களா?”

இப்போது ஓடுகிறதா என்று ஹஸ்னைன் கேட்டான். ஓடுகிறது என்றதும், ஃபோனைக் கொஞ்சம் ஸ்பீக்கர் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். பாட்டை முடியும்வரை கேட்டான்.

“கழட்டிடுங்க” என்றான் பிறகு.