தீவில் ஓடிய லால்குடி பஸ்

மாலத்தீவில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது என்று கலைமதி சொன்னபோது அவள் அண்ணன் முருகானந்தம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிட்ட இட்லியை வாயில் வைக்காமல் அப்படியே நிறுத்தினான்.

“நீ போயிட்டா இங்க யாரு பாக்கிறது?”

பாக்கிறது என்றால் என்ன? விடிவதற்குள் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது, ரயிலேறிப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புக்குப் போகிற அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது, அவன் பெண்ணுக்குத் தலை பின்னுவது, சாயங்காலம் வந்து மாவாட்டுவது. இத்தனைக்கும் நடுவே அவள் லால்குடியிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் ஸ்கூலுக்குப் போய் இங்கிலீஷ் பாடம் நடத்திவிட்டு வருவாள். அந்த வேலையை மட்டும் அந்த வீட்டில் யாரும் வேலை என்று சொன்னதில்லை.

“அதான் அண்ணி இருக்காங்களே,” என்றாள் கலைமதி.

அண்ணி ஜோதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பேசிப் பழக்கமில்லை.

கலைமதி வாழப் போன இடம் சரியில்லை. கட்டியவன் கை நீட்டுகிறவன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லால்குடிக்கே வந்துவிட்டாள். வந்தவளை அண்ணன் வீட்டில் வைத்துக்கொண்டான், அதை இல்லை என்று சொல்லக் கூடாது. தபாலில் எம்.ஏ. படிக்கவைத்ததும் அவன்தான். ஆனால் வைத்துக்கொண்டது ஒரு கணக்கு, சாகிறவரைக்கும் இந்த அடுப்புக்குத்தான் இவள் என்று நினைத்துக்கொண்டது இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எப்படி?

“மொத டெர்ம் சும்மா வச்சுப் பாப்பாங்களாம். சரிப்பட்டு வரலன்னா திருப்பி அனுப்பிருவாங்களாம்,” என்று அவளே வாயைக் கொடுத்தாள்.

அண்ணன் முகம் தெளிந்தது. நின்ற இட்லி உள்ளே போனது.

“அப்ப சரி, போயிட்டு வா. ஒரு டெர்ம்தானே. மூட்டையக் கட்டிக்கிட்டு இதே வாசல்ல வந்து நிப்ப, பாக்கத்தான் போறேன்.”

“பாருங்கண்ணே,” என்றாள் அவள். அப்போதே அவள் பல்லைக் கடித்துவிட்டாள்.

வேலைக்கு வழி சொன்னவள் லின்சி. திருச்சி பாலக்கரைக்காரி, கலைமதியோடு பி.எட். படித்தவள், பல வருஷமாக அந்தத் தீவில் கணக்கு டீச்சர். கலைமதி போய் இறங்கிய அன்று படகுத்துறையில் வந்து நின்று அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“ஊரு எங்கடி இருக்கு?” என்று கேட்டாள் கலைமதி.

“இதான் ஊரு. அந்தப் பக்கம் கடல் தெரியுது பாரு, அதோட முடிஞ்சுது.”

தெருவெல்லாம் மணல். குடிக்க மழைத்தண்ணீர்த் தொட்டி. கத்தரிக்காய் வேண்டுமென்றால் படகு வரவேண்டும். மூன்று வேளையும் சூரை மீன். முருங்கை மட்டும் வீட்டுக்கு வீடு நின்றது, அதைப் பார்த்ததும் கலைமதிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. சாப்பாடு பழகிவிடும், படுக்கை பழகிவிடும். வகுப்புதான் பழகவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அவள் ஒரு வரி சொன்னால் அறுபது பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லும். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பிள்ளைகள் எழுதிக்கொள்ளும், மனப்பாடம் பண்ணும், பாஸ் பண்ணும். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். அதுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. தீவில் ஏழாம் வகுப்பில் இருந்ததே பதினைந்து பிள்ளைகள். அவள் ஒரு வரி சொல்வாள், ஒன்றும் திருப்பிச் சொல்லாது. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்கும். ஸியாத் என்று ஒரு பையன், பந்து விளையாடப் போகிற நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஷிஃபா என்று ஒரு பெண், முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அதற்கு வாய் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

சூப்பர்வைசர் ஆமினத் மேடம் ஒருநாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் உயர்த்தாத மனுஷி. பெல் அடித்ததும் கலைமதியை நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார்.

“உங்க வகுப்புல உங்க குரல் ஒண்ணுதான் கேக்குது, மிஸ். பிள்ளைங்க பேசணும். டெர்ம் முடியறப்ப திரும்ப வந்து உக்காருவேன். அதுக்கப்புறந்தான் உங்க வேலை நிரந்தரம்னு கையெழுத்து.”

அந்த வார வெள்ளிக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. “டிக்கெட் போட்டாச்சா? உங்க அண்ணி அரிசி ஊறவைக்கலாமா வேணாமான்னு கேக்கிறா.”

“ஊறவைக்கச் சொல்லுங்க. ஆட்டறதுக்கு நீங்க இருக்கீங்கள்ல,” என்று கலைமதி போனை வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். லின்சி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், யார் கண்ணில் எதனால் தண்ணீர் என்று தெரியாமல் போகட்டும் என்று.

அடுத்த வாரம் பாடத்தில் பஸ் வந்தது. படத்தில் ஒரு பஸ், ஒரு டிரைவர், வரிசையாக நிற்கிற ஜனம். பஸ்ஸில் ஏறியவர்கள் யார் என்று கேட்டாள். தலைநகர் மாலேக்குப் போய்வந்த இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஏசி பஸ், உள்ளே சத்தமே இருக்காது என்றார்கள்.

“அப்படின்னா அது பஸ்ஸே இல்ல,” என்றாள் கலைமதி.

அவள் அங்கே போனதிலிருந்து பிள்ளைகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தது அப்போதுதான். அப்படியானால் எது பஸ் என்று ஒரு பையன் கேட்டான். கேட்டுவிட்டானே என்று அவளுக்கு ஒரு வேகம் பிறந்தது. பெஞ்சுகளை நகர்த்து என்றாள். ஜன்னலோரமாக இரண்டு வரிசை, நடுவில் ஒரு ஆள் மட்டும் போகிற சந்து. விளையாட்டு வாத்தியாரிடமிருந்து விசிலை வாங்கிவந்தாள். பதினைந்து பேரையும் ஆறு பெஞ்சில் அடைத்தாள். லால்குடி, வாளாடி, டோல்கேட், திருவானைக்கோவில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்று நிறுத்தங்களைப் போர்டில் எழுதினாள். வாசலில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நின்று கண்டக்டர் மாதிரி கூவினாள். எத்தனை வருஷம் அந்தக் கூவலைக் கேட்டுக்கொண்டே வந்தவள், தொண்டை தானாக வந்தது.

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“இப்படி உக்காந்தா இது லால்குடி பஸ் இல்ல. இடிக்கணும், கேக்கணும், சண்டை போடணும். ஆனா வாயால. அதுவும் இங்கிலீஷ்ல.”

பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையையோ உள்ளே போட்டு இடம் பிடிக்கிற வழக்கத்தையும் சொன்னாள். போட்டவருக்குத்தான் அந்த இடம், எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் அது என்றாள். ஸியாதுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் வகுப்பு தொடங்குவதற்குள் வெளியே சுற்றிப் போய், ஜன்னலோரப் பெஞ்சில் தன் தொப்பியை எறிந்துவிட்டு நிதானமாக வாசல் வழியாக வந்தான். வந்து பார்த்தால் அங்கே ஷிஃபா உட்கார்ந்திருந்தாள். தொப்பி தரையில் கிடந்தது.

“அது என் இடம். தொப்பி போட்டேன்,” என்றான் இங்கிலீஷில்.

ஷிஃபா எழுந்திருக்கவில்லை. கலைமதி விசிலை வாயில் வைத்தபடியே நின்றாள்.

“தொப்பி உக்காராது,” என்றாள் ஷிஃபா. அதுவும் இங்கிலீஷில். “உக்காந்திருக்கிறது நான்.”

அவ்வளவுதான். பாதி வகுப்பு ஸியாதோடு சேர்ந்தது, பாதி ஷிஃபாவோடு சேர்ந்தது. சட்டம் என்றால் சட்டம் என்று ஒருத்தன், சட்டத்தில் தொப்பி இல்லை, துண்டுதான் இருக்கிறது என்று ஒருத்தி. வார்த்தை கிடைக்காதவர்கள் கலைமதியிடம் ஓடிவந்து, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்ரீரங்கத்தில் அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் அவளிடம் ஒரு வார்த்தையை அப்படிப் பறித்துக்கொண்டு ஓடியதில்லை.

சத்தம் கேட்டு ஆமினத் மேடம் வந்தார். பஸ்ஸைப் பார்த்தார். தரையில் தொப்பியைப் பார்த்தார்.

“இது பாடத்திட்டத்துல இல்லையே, மிஸ். பக்கத்து வகுப்புல பாடம் நடத்த முடியல. நிறுத்திக்குங்க.”

புது வேலை, கையெழுத்து பாக்கி. சரி மேடம் என்றிருந்தால் அன்றோடு போயிருக்கும். கலைமதி சரி சொல்லவில்லை.

“என் குரல் மட்டுந்தான் கேக்குதுன்னு சொன்னீங்க. இப்ப எல்லாக் குரலும் கேக்குது. ஜன்னல் வழியா எறிய மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. சத்தத்துக்கு மதியம் கடைசி பீரியடுக்கு மாத்திக் குடுங்க, பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. பஸ்ஸ நிறுத்த மாட்டேன். நிறுத்தணும்னா என்னைத் திருப்பி அனுப்பிருங்க.”

ஆமினத் மேடம் திரும்பிப் போனார். விஷயத்தைக் கேட்ட லின்சி தலையில் அடித்துக்கொண்டாள். “உங்க அண்ணன் வாயி அப்படியே உனக்கு.” ஆனால் பீரியட் மாறியது.

பஸ் தினமும் ஓடியது. ஒருநாள் டோல்கேட்டில் பஞ்சர், ஒருநாள் ஆட்டுக்குட்டியோடு ஏறிய பாட்டி, ஒருநாள் தவறான பஸ்ஸில் ஏறிவிட்ட மாப்பிள்ளை. எல்லாம் பிள்ளைகளே கட்டிய கதை. டெர்ம் முடியும்போது ஆமினத் மேடம் சொன்னபடி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஸியாத்தான் கண்டக்டர். வரிசையாக டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவன் அவர் முன்னால் வந்து நின்றான்.

“நான் பயணி இல்ல. பாக்க வந்திருக்கேன்,” என்றார் மேடம்.

ஸியாத் திகைத்தான். முன் பெஞ்சிலிருந்து ஷிஃபா திரும்பினாள். “பாக்க வந்தாலும் உக்காந்திருக்கீங்களே, மேடம். இந்த பஸ்ல உக்காந்தா டிக்கெட் எடுக்கணும்.”

கலைமதிக்கு உயிர் போய்விட்டது. ஆமினத் மேடம் ஷிஃபாவைப் பார்த்தார். பிறகு ஸியாதிடம் கையை நீட்டினார்.

“ஒரு டோல்கேட்.”

கையெழுத்து அன்றைக்கே விழுந்தது.

வருஷம் திரும்பியதும் லீவில் லால்குடிக்கு வந்தாள். அண்ணன் நல்லபடியாகத்தான் வரவேற்றான். “பாஸ்போர்ட்டக் குடு, பத்திரமா வைக்கிறேன்,” என்று வாங்கி பீரோவில் பூட்டினான். சாவி அவன் அரைஞாணில். அவள் கிளம்புகிற வாரம் வந்ததும், டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“ஸ்ரீரங்கத்து ஸ்கூல்ல பேசிட்டேன். வர்ற ஜூன்ல சேந்துரு. உன் எடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். வெளியூர்ல கெடந்து அல்லாட வேணாம்.”

“என்னைக் கேக்காமயாண்ணே?”

“ஒனக்காகத்தான் எடம் புடிச்சு வச்சிருக்கேன்.”

“துண்டு போட்டா மட்டும் போதுமா? ஆளு வந்து உக்காரணும்ல. நான் வேற எடத்துல உக்காந்துட்டேண்ணே. பாஸ்போர்ட்ட எடுங்க.”

“எடுக்கலன்னா?”

இப்போது ஜோதி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“இந்தா கலைமதி, இன்னொரு சாவி எங்கிட்ட இருக்கு. எங்கப்பா சீரா குடுத்த பீரோதான் அது.”

முருகானந்தம் பெண்டாட்டியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இத்தனை வருஷமும் அந்த வீட்டில் பேசாமல் நின்ற சுவர் ஒன்று பேசியதுபோல.

ஜோதி நீட்டிய சாவியைக் கலைமதி வாங்கவில்லை. “வேணாம் அண்ணி. பூட்டினவங்க கையாலதான் தெறக்கணும்.” சொல்லிவிட்டு பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் ரயிலுக்கு நேரமாகிறது என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. ஊரில் சிரிப்பார்கள் என்றான். “நான் புருஷன விட்டுட்டு வந்தப்பவே சிரிச்சுட்டாங்க, இனிமே சிரிக்க என்ன இருக்கு?” என்றாள். பீரோவுக்குள்தான் அவன் யூனிபார்மும் இருந்தது. அவளைத் தாண்டித்தான் திறக்க வேண்டும், திறந்தால் பாஸ்போர்ட்டும் வரும். ரயில் போகிற சத்தம் கேட்டது. அடுத்த ரயிலுக்கு முன்னால் அவன் குனிந்து, தங்கச்சியைத் தாண்டி, தன் கையாலேயே பூட்டைத் திறந்தான்.

அதற்குப் பிறகு அவளோடு பேசவேயில்லை. கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும், யாரும் சொல்லாமல் அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். முகூர்த்த நாள், ஈ நுழைய இடமில்லாத கூட்டம். சத்திரம் போகிற தனியார் பஸ் பாட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியது. அது நிற்பதற்குள் முருகானந்தம் பெட்டியைக் கீழே வைத்தான், தோளிலிருந்த துண்டை உருவினான், ஓடினான், மூன்றாவது ஜன்னலில் எறிந்தான்.

கலைமதி இடித்துத் தள்ளி ஏறிப் போனாள். ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் அந்த சீட்டுக்கு மேல் குனிந்துகொண்டிருந்தார். “துண்டு கெடக்குல்ல?” என்றாள். அவர் நகர்ந்தார். உட்கார்ந்தாள். துண்டை மடித்து ஜன்னல் வழியாக அண்ணனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அடுத்த வருஷம் வருவேல்ல?”

“லீவுக்கு,” என்றாள் கலைமதி.

கண்டக்டர் விசில் அடித்தான்.