தங்கச்சிக்கு அடித்த பேனர்

வில்லியனூரில் ஒரு பேனர் கடையில் நான் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு, எது நடந்தாலும் முதலில் ஆள் ஓடி வருவது எங்கள் கடைக்குத்தான். செத்தவர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் மேகம் வைத்து, கீழே துயருறுவோர் பெயர்களைப் போடுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. என் தங்கச்சி முகத்தை அப்படி வைத்த அன்று மட்டும் கை ஓடவில்லை.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். எங்கள் தெரு ஊருக்குக் கடைசியில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் ஊர்த்தெருக்களைச் சுற்றிவிட்டு மிச்சம்தான் எங்களுக்கு. அந்த மிச்சம் வரும் பைப்பும் சாக்கடை வாய்க்காலுக்குள்ளேயே கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பரவாயில்லை. அது வெளியேறும் வழியில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மண்ணைக் கொட்டிக் கரும்பு போட்டிருந்தார். மோட்டாரை நிறுத்தியதும் வெடிப்பு விட்ட பைப்பு அந்தச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் குழாயைத் திறந்தால் முதல் குடம் நாறும்.

தங்கச்சி வந்த மறுவாரமே நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அலைய ஆரம்பித்தேன். குடிநீர் ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ., சொன்னார், "பைப்பை மாத்திடலாம்மா. வாய்க்கால்ல தண்ணி நிக்கிறப்ப எப்பிடித் தோண்டறது? கொம்யூன்ல போய்ச் சொல்லு."

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில், "வாய்க்காலை அடைச்சது யாரு? ரெவின்யூல அளந்து குடுக்கட்டும், நாங்க தூர் வாரறோம்" என்றார்கள்.

ரெவின்யூ ஆபீஸில் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாருக்காவது நோய் வந்துச்சா? ஹெல்த்ல எழுதிக் குடுத்தா அப்புறம் பாக்கலாம்."

ஹெல்த் சென்டரில் டாக்டர், "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க, பைப்பு எங்க வேலையில்ல" என்றார். அங்கிருந்த நர்ஸம்மா மட்டும் வாசல் வரைக்கும் கூடவே வந்து, "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்டி. அந்த ஆபீஸ் ஆளு இந்த ஆபீஸ் படியேற மாட்டான்" என்றாள்.

திரும்பவும் ஜே.இ.யிடமே போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "உங்க தெருவுல எல்லார் கையிலயும் போன் இருக்குது. ஒரு கேன் தண்ணி வாங்க முடியாதா?" என்று பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பல்லில் பிஸ்கட் ஒட்டியிருந்தது உட்பட.

கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். ஆனால் பல் துலக்குவது, அரிசி களைவது, டம்ளர் கழுவுவதெல்லாம் குழாய்த் தண்ணீரில்தானே? ஒரு நாள் சோறு வேண்டாம் என்றாள். வாந்தி. கண் மஞ்சளாகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாதாரண ஆட்களுக்கு வந்து போய்விடும் காமாலை, நிறைமாதக்காரிக்கு ஆபத்து என்றும், கெட்ட தண்ணீரில்தான் வரும் என்றும் அங்கே சொன்னார்கள். "க்கா, வூட்டுக்குப் போலாம்க்கா" என்பதுதான் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு நினைவு தப்பிவிட்டது. குழந்தையும் தங்கவில்லை.

அவள் மாமியார் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நல்லாத்தானே அனுப்பி வச்சோம்?" அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஜே.இ. வீட்டுத் தொட்டியில் எங்கள் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அவர் வீடு எங்கே என்று விசாரித்தும் வைத்தேன். அவருக்கும் குழந்தைகள் இருப்பது தெரிந்த பிறகுதான் விட்டேன். ஓட்டுப் போட்டு யாரையாவது தோற்கடிக்கலாம் என்றால், எங்கள் பக்கம் பஞ்சாயத்துத் தேர்தல் என்ற ஒன்று நடந்தே வருஷக்கணக்காகிறது. கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு பேனர். நடுவில் வளைகாப்புப் புடவையில் தங்கச்சி. கீழே துயருறுவோர் வரிசை. ஆள் பெயர் ஒன்றுகூடப் போடவில்லை. குடிநீர்த் துறை: வாய்க்கால் எங்கள் வேலை இல்லை. கொம்யூன்: ஆக்கிரமிப்பு எங்கள் வேலை இல்லை. வருவாய்த் துறை: நோய் வந்தால் பார்க்கலாம். சுகாதாரத் துறை: பைப்பு எங்கள் வேலை இல்லை. கடைசி வரியில், பெரிய எழுத்தில், "ஒரு கேன் தண்ணி வாங்க முடியாதா?"

ஓனர் பார்த்துவிட்டு, "வம்பும்மா இது" என்றார். ஆனாலும் அடித்துக் கொடுத்தார், மூலையில் இருந்த கடைப் பெயரை மட்டும் எடுத்துவிட்டு.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ரோட்டைப் பார்க்கக் கட்டினேன். வீட்டுக்கு எதிரே ஸ்பீடு பிரேக்கர். பாகூர் பஸ், கல்லூரி பஸ் எல்லாம் அங்கே மெதுவாகும். ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது எத்தனை போனுக்குப் போயிற்றோ தெரியாது. முதலில் கொம்யூன் ஜீப் வந்தது. பிறகு ஜே.இ. பிறகு ரெவின்யூ ஆள், ஹெல்த் சென்டர் டாக்டர். படியேற மாட்டார்கள் என்று நர்ஸம்மா சொன்ன அத்தனை பேரும் எங்கள் வாசலில், வெயிலில், ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்துடும்மா. பேனருக்குத் தடை இருக்குது" என்றார் ஜே.இ.

"என் வூட்டு மாடி சார். என் தங்கச்சி."

"உனக்கு இன்னாதான் வேணும்?"

"நீங்க நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலதான் அந்த பைப்பு கெடக்குது. நாலு பேரும் சேந்து குனிஞ்சு பாருங்க. நல்ல பைப்புல தண்ணி வந்தா எடுக்கறேன்."

குனிந்தார்கள். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. சர்வேயர் வந்து அளந்தார். ஜே.சி.பி. கரும்புக்குள் இறங்கி வாய்க்காலைத் திறந்தது. பெரிய மனிதர் வரப்பில் நின்று கத்தினார். அவர் கத்துவதைக் கேட்கவே நான் அன்று வேலைக்குப் போகவில்லை. தேங்கிய தண்ணீர் வடிந்தது. ரோட்டோரம் மேடான இடத்தில் புதுப் பைப்பு போட்டார்கள். நர்ஸம்மா வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்தாள். நல்ல தண்ணீர் வந்தபோது மாசம்கூட முடிந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதானா? நான்கு பேர் ஓர் இடத்தில் நின்று பேசியிருந்தால் முடிந்திருக்கும். இதற்கா அவள் போனாள்? அதுவரை ஜே.இ. மேல் மட்டும் இருந்த வெறுப்பு அன்று நான்கு மடங்காயிற்று.

பேனரை நான் அவிழ்க்கவில்லை. ஜே.இ.யே மாடி ஏறி, வியர்க்க விறுவிறுக்கக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி என் கையில் கொடுத்தார். "திருப்திதானேம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"சாரிம்மா" என்றார் மெதுவாக. நான் பேனரோடு கீழே இறங்கிவிட்டேன்.

இப்போது மாதம் ஒரு முறை நான்கு ஆபீஸ்காரர்களும் ஹெல்த் சென்டரில் கூடிப் பேசுகிறார்கள். பக்கத்து ஊர்க் காலனிப் பைப்புகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. "வுட்டுடுடி, வேலைதான் நடக்குதே" என்கிறாள் நர்ஸம்மா. நான் விடுவதாக இல்லை. தங்கச்சி நினைவு நாள் நெருங்கினால் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். போன வருஷம் கொம்யூனிலிருந்து கேட்டார்கள்.

"இந்த வருஷம் பேனர் வைக்கிறீங்களாம்மா? எங்க பேரு வருதா?"

"யோசிச்சிட்டு இருக்கேன் சார்" என்றேன். மறுநாளே எங்கள் தெரு வாய்க்காலில் தூர் வார ஆள் இறங்கிவிட்டது.